நூற்று ஐம்பத்தேழு உடையவில்லை

கணக்கில் அவளைக் கெடுத்தது ஒரு சரியான விடை. தப்பான விடையாக இருந்திருந்தால் டீச்சர் காதைத் திருகியிருப்பார், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவளுடைய போதாத காலம், விடை சரியாக வந்து தொலைத்தது.

ஆறாம் வகுப்பில் 16/64 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொன்னார்கள். மேலே ஒரு ஆறு, கீழே ஒரு ஆறு இருக்கிறதே என்று இரண்டையும் கோடு போட்டு அடித்தாள். மேலே ஒன்று மிஞ்சியது, கீழே நான்கு மிஞ்சியது. 1/4 என்று எழுதினாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அதேதான் இருந்தது. டீச்சர் நோட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டார். பின்னம் என்பது இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவள் வீடுவரை குதித்துக்கொண்டே போனாள்.

அதற்கப்புறம் அவள் எண்களைப் பார்க்கவே இல்லை, எழுத்துகளைத்தான் பார்த்தாள். மேலும் கீழும் ஒரே மாதிரி முகம் தெரிந்தால் அடித்தாள். அடுத்த வாரம் 13/39 வந்தது. மூன்றையும் மூன்றையும் அடித்து 1/9 என்று எழுதிக் காட்டினாள். “எண்ணை அடிக்கச் சொன்னா எழுத்தை அடிக்கிறியே, நீ என்ன ரப்பரா?” என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்தது. போன வாரம் இதே வேலைக்கு டிக் போட்டவர் இன்றைக்கு ஏன் இப்படிக் கடிக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. பிறகு போர்டில் ஒரு குறுக்குக்கோடு விழுந்தாலே நோட்டை மூடி வைத்துவிடுவாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டாள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

வந்த மாப்பிள்ளை டர்னர். வீட்டின் முன்னறைதான் அவனுடைய கடைசல் பட்டறை. ஷட்டரைத் தூக்கினால் லேத், அதன் பின்னால் கிரைண்டர், சுவரோரம் இரும்புத் தடிகள். ஒரு கதவைத் தாண்டினால் அடுப்படி. மோட்டார் ஓட ஆரம்பித்தால் அலமாரியில் டம்ளர்கள் தந்தியடிக்கும். கல்யாணமான புதிதில் லேத் என்றால் அவளுக்குச் சத்தமும் எண்ணெய் நாற்றமும் காலில் குத்தும் இரும்புச் சுருளும்தான். பெருக்கிக் கொட்டுவாள், திட்டிக்கொண்டே கொட்டுவாள். ஆனால் நாளாக ஆக, பெருக்க வந்தவள் துடைப்பத்தோடு நின்று பார்க்க ஆரம்பித்தாள். துருப்பிடித்த தடி ஒன்று சுழலும், உளி அதைத் தொடும், தொட்ட இடத்தில் வெள்ளி மாதிரி ஒரு தோல் வெளியே வரும். அதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே இல்லை. பார்ப்பதோடு சரி, கை வைக்கத் தோன்றியதில்லை.

கை வைக்க வேண்டிய நாளும் வந்தது. கணவன் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். கட்டுப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது, பிடிமானம் சேரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் அந்தக் கையில் நிற்காது. லேத்தின் கைப்பிடியைப் பிடித்தால் உளி எவ்வளவு தின்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் போய்விட்டது. வந்திருந்த வேலைகளைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் செய்தாள். முதல் வேலையில் உளியை உடைத்தாள், இரண்டாவதில் தடியைக் கெடுத்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான், ஆனால் எழுந்து போய்விடவில்லை. அந்தப் பொறுமைக்கு அவள் இன்றுவரை அவனைக் கையெடுத்துக் கும்பிடுவாள், நேரில் இல்லை, மனதுக்குள்.

கொஞ்ச மாதங்களில் புஷ், பின், சாதா போல்ட் எல்லாம் கைவந்தது. போல்ட்டின் மேல் திருகாகச் சுற்றி ஓடும் மரையை வெட்டவும் கற்றுக்கொண்டாள். லேத்தின் தலையில் ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கும். இன்ன மரை வேண்டுமென்றால் மேலே இத்தனை பல் கியர், கீழே இத்தனை பல் கியர் என்று அதில் பொறித்திருக்கும். தடி ஒரு சுற்றுச் சுற்றும்போது உளி எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை அந்த இரண்டு கியர்கள்தான் தீர்மானிக்கும். யோசித்துப் பார்த்தால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ந்து ஒரு பின்னம்தான். தகட்டில் நடுவே குறுக்குக்கோடு போடாமல் விட்டிருந்தார்கள், அந்தப் புண்ணியத்தில் அவள் பயப்படாமல் தப்பித்தாள்.

இந்த நேரத்தில்தான் கணவன் லேத்தை விற்பதென்று முடிவெடுத்தான். ஒரு கிடங்கில் வாசல் பார்க்கும் வேலை அவனுக்குத் தோதாக வந்தது. “அரைக் கையை வச்சுக்கிட்டு முழு லேத் எதுக்கு? நீயும் எத்தனை நாளைக்கு போல்ட்டு போட்டுக்கிட்டே இருப்ப?” என்றான். பழைய இயந்திரம் வாங்குகிறவர் சனிக்கிழமை லாரியோடு வருவதாகப் பேச்சு. அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒரு வேலை கைக்கு வந்ததே இப்போதுதான். அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் தான் மறுபடி துடைப்பத்துக்குத்தான் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரம் புதன்கிழமை சலவைக்கடை அம்மா ஒரு துணி மூட்டையோடு வந்தார். மூட்டைக்குள் ஒரு பல்சக்கரமும், அதைச் சுற்ற வைக்கும் திருகுத் தண்டும் இருந்தன. பட்டறைக்காரர்கள் அந்தத் தண்டை வார்ம் என்பார்கள். அதன் மரை தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தது.

“டிரம் சுத்த மாட்டேங்குது. ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் மலையா குவிஞ்சு கிடக்கு. செஞ்ச கம்பெனியே இப்ப இல்லையாம். நீங்க ஏதாவது பண்ணிக் கொடுத்தீங்கன்னா, எங்க மெஷின் வேலை எல்லாமே இனிமே உங்களுக்குத்தான்” என்றார்.

கணவன் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தான். பக்கவாட்டில் 1.5 என்று பொறித்திருந்தது. உதட்டைப் பிதுக்கினான்.

“இது தகட்டுல இல்லாத மரைம்மா. பெரிய பட்டறையில கேட்டுப் பாருங்க.”

“கேட்டுட்டேன் தம்பி. ஒரு மாசம் ஆகுங்கறாங்க.”

“வச்சுட்டுப் போங்க, நாங்க பார்க்கறோம்” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

சலவைக்கடை அம்மா போனதும் கணவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “எப்படிப் பார்ப்ப? அந்த ஒண்ணரைதான் பல்லோட அளவு, அதை வட்டக் கணக்குல வர்ற பையால பெருக்கணும். பைன்னா மூணு புள்ளி ஒண்ணு நாலு. அவ்வளவு மில்லிமீட்டர் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல. நம்ம லேத் திருகு ஒரு சுத்துக்கு உளியை ஆறு மில்லிமீட்டர் நகர்த்தும். அந்த ஆறைக் கீழ போட்டு, வர்ற பின்னத்துக்குப் பொருத்தமா கியர் கண்டுபிடிக்கணும். எங்க முதலாளி சொல்லிக் கேட்டிருக்கேன், செஞ்சதில்ல. எனக்கே வராது. நீ பின்னம் போடப் போறியா? ஆறுக்கு ஆறு அடிச்சவ நீ.”

“போட்டுட்டா?”

“போட்டு, இதை வெட்டியும் கொடுத்துட்டேன்னு வை, அப்புறம் லேத்தை விக்கறதைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லைன்னா சனிக்கிழமை ஏத்தி விட்டுடலாம். நீயும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

ஒரு துண்டுக் கரியை எடுத்துக்கொண்டு பட்டறைத் தரையில் உட்கார்ந்தாள். மூன்று புள்ளி ஒன்று நான்கை ஒன்றரையால் பெருக்கினால் 4.71. அதன் கீழே ஆறு. புள்ளியை ஒழித்துக்கட்ட இரண்டையும் நூறால் பெருக்கினாள். 471/600. அதோடு சரி. மேலும் கீழும் ஒரே முகம் எதுவும் தெரியவில்லை. கரியைத் தரையில் வைத்துவிட்டாள்.

அப்போது நாத்தனார் உள்ளே வந்தார்.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவர். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் வேலை, மணி அடிப்பது அவர் பொறுப்பு. வந்த நாள் முதல் இவளுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அலமாரியில் இவள் வைத்த டப்பாவை அவர் நகர்த்துவார், அவர் நகர்த்தியதை இவள் மறுபடி நகர்த்துவாள். டப்பா மட்டும் நடந்து நடந்து களைத்திருக்கும். ஒண்ட வந்தவருக்கு இவ்வளவு வாயா என்று இவள் தெருவில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறாள். கணவன் கை உடைந்த பிறகு அந்த வீட்டில் உலை கொதித்ததே நாத்தனார் சம்பளத்தில்தான். அது இவளுக்குத் தெரியும். தெரிந்தும் டப்பாவை நகர்த்திக்கொண்டுதான் இருந்தாள்.

“என்ன, தரையெல்லாம் கரியா இருக்கு? வழுக்கி விழுந்து உடைச்சுக்க இந்த வீட்ல இன்னொரு கை பாக்கியா?”

“கணக்கு, அண்ணி.”

“கணக்கா? நீயா?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் ஒரு நிமிஷம் அந்தப் பின்னத்தைப் பார்த்தார், புடவையை ஒதுக்கிக்கொண்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் வெளியே வந்தது.

“பள்ளிக்கூடத்துதா?”

“ஒரு துண்டு சாக்பீஸுக்கு ஜெயில்ல போட மாட்டாங்க. பாரு இவளே, என் ஸ்டூல் ஆறாவது ஜன்னலுக்கு வெளியதான் கிடக்கு. எட்டாவதோட படிப்பை விட்டவதான் நான். ஆனா ஆறாவதை வருஷா வருஷம் படிச்சுக்கிட்டே இருக்கேன். அந்த சார் சொல்றது எனக்கு மனப்பாடம். முதல்ல உடை, அப்புறம் அடி. உடைக்காம கை ஓங்காதே.”

“எதை உடைக்கறது?”

“ரெண்டு எண்ணையும்தான். ரெண்டால போகுதா பாரு. போற வரைக்கும் போகட்டும். போகலைன்னா மூணு. அப்புறம் அஞ்சு, ஏழு, பதினொண்ணு. எதாலயும் போகலைன்னா அது பகா எண். அதை யாராலயும் உடைக்க முடியாது, விட்டுடு.”

“நாலால பார்க்க வேண்டாமா?”

“ரெண்டால போகாதது நாலால எப்படிப் போகும்? மாமியார்கிட்ட நடக்காத காரியம் மாமியாரோட மாமியார்கிட்ட நடக்குமா?”

ஸ்டூலில் இருந்த கணவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் தெம்பும் வந்தது. அறுநூறை உடைத்தாள். சுள்ளி மாதிரி உடைந்தது. 2, 2, 2, 3, 5, 5. நானூற்று எழுபத்தொன்று இரண்டால் போகவில்லை, மூன்றால் போயிற்று. 3, 157. நூற்று ஐம்பத்தேழை இரண்டால் பார்த்தாள், மூன்றால், ஐந்தால், ஏழால், பதினொன்றால் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மீதி பல்லை இளித்தது.

“பதிமூணு பார்க்கட்டுமா?”

“வேண்டாம். பதிமூணு பதிமூணு நூத்தி அறுபத்தொம்பது, நம்ம எண்ணைத் தாண்டிடுச்சு. அதுக்கு மேல போனா வேலை வெட்டி இல்லாதவன்னு அந்த சார் சொல்லுவார். இது பகா எண்தான். இப்ப மேல ஒரு மூணு, கீழ ஒரு மூணு. ஜோடி கிடைச்சாச்சு. அதை மட்டும் அடி.”

அடித்தாள். 157/200. அதற்கு மேல் சுருங்காது.

சுருங்கியதே ஒழிய உபயோகமில்லை. சுவரில் மாட்டியிருந்த கியர்களை நாத்தனாருக்குக் காட்டினாள். இருபது பல்லில் ஆரம்பித்து ஐந்தைந்தாக ஏறி நூற்றிருபதில் முடியும். மேலே நூற்று ஐம்பத்தேழு வேண்டுமென்றால், அந்த எண் உடைந்தாலாவது துண்டு துண்டாக இரண்டு கியர் சேர்த்து ஒப்பேற்றலாம். அது உடையாது. அதே பல்லில் கியரும் கிடையாது.

“விடு” என்றான் கணவன். கேலியாகச் சொல்லவில்லை, மெல்லத்தான் சொன்னான். அது கேலியைவிட வலித்தது. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் பாத்திரத்தை ஒழித்துப் போட்டுவிட்டு அவள் மறுபடி அந்த சாக்பீஸை எடுத்தாள். தரையில் 16/64 என்று எழுதினாள். பதினாறை உடைத்தாள், நான்கு இரண்டு வந்தது. அறுபத்துநான்கை உடைத்தாள், ஆறு இரண்டு வந்தது. ஜோடி ஜோடியாக அடித்தாள். மேலே ஒன்று, கீழே இரண்டு இரண்டு. 1/4. பக்கத்திலேயே 13/39. பதிமூன்று உடையவில்லை, முப்பத்தொன்பது மூன்றாகவும் பதிமூன்றாகவும் உடைந்தது. பதிமூன்றுக்குப் பதிமூன்று போய் 1/3. அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு அவள் அடித்த ஆறுக்கும் வந்த விடைக்கும் சம்பந்தமே இல்லை. குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒன்று பொருந்திப்போய், அதை நம்பி இத்தனை காலம் தன்னை மக்கு என்று நினைத்திருக்கிறாள். தரையைப் பார்த்துச் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லேத் போனாலும் போகட்டும், இந்த ஒன்றுக்காகவாவது அண்ணிக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை போகிற பொருள் அழுக்காகப் போகக் கூடாது என்று ஒவ்வொரு கைப்பிடியாகத் துடைத்தாள். அப்போது நாத்தனார் வேர்க்க விறுவிறுக்க வந்து வாசலில் நின்றார். பேச மூச்சு வரவில்லை.

“என்ன அண்ணி, இந்த நேரத்துல? உடம்புக்கு என்ன?”

“இருபத்திரெண்டு பை ஏழு.”

“என்னது?”

“பைக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. எட்டாவதுக்கு சாக்பீஸ் கொடுக்கப் போனேன். டீச்சர் போர்டுல எழுதிக்கிட்டு இருந்தாங்க, பைன்னா இருபத்திரெண்டு பை ஏழு. இவன் சொன்ன மூணு புள்ளி ஒண்ணு நாலைப் பிடிச்சுக்கிட்டு நேத்து முட்டிக்கிட்டோம்.”

கணவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். “அது சரியா அதே இல்லைக்கா. கிட்டத்தட்டதான்.”

“நீ சொன்னது மட்டும்?”

அவன் யோசித்தான். “அதுவும் கிட்டத்தட்டதான்.”

“துணி துவைக்கிற டிரம்முக்குக் கிட்டத்தட்ட போதுமா, போதாதா?”

“தாராளமா போதும். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.”

அவள் அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 22/7. ஒன்றரை என்றால் 3/2. பெருக்கினால் 66/14. அதன் கீழே லேத்தின் ஆறு, பதினாலை ஆறால் பெருக்கிக் கீழே போட்டாள். 66/84. யாரும் சொல்லாமலே உடைத்தாள். மேலே 2, 3, 11. கீழே 2, 2, 3, 7. இரண்டுக்கு இரண்டு போயிற்று, மூன்றுக்கு மூன்று போயிற்று. மேலே பதினொன்று, கீழே பதினாலு.

11/14.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை பெரிய மூட்டை, அவிழ்த்தால் உள்ளே இவ்வளவு சின்னதாக ஒன்று.

“ஆனா பதினொரு பல்லு கியர் உங்கிட்ட இல்லையே. பதினாலும் இல்லை. இருபதுலதானே ஆரம்பிக்குது?” நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது.

“இருங்க அண்ணி. ரெண்டையும் ஒரே எண்ணால அடிச்சா மாறாதுன்னா, ஒரே எண்ணால பெருக்கினாலும் மாறாதில்லையா?” அவள் எழுந்து சுவரருகே போனாள். “அஞ்சால பெருக்கறேன். மேல அம்பத்தஞ்சு. கீழ எழுபது.” இரண்டும் அடுத்தடுத்த ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. வாங்கிய நாள் முதல் யாரும் தொடாமல் தூசி படிந்திருந்த ஐம்பத்தைந்தை அவள் முந்தானையால் துடைத்தாள்.

கணவன் இடது கையால் ஸ்பானரை எடுத்து நீட்டினான்.

நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தார். “ஐயையோ, நான் போகணும்” என்று செருப்பை மாட்டினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அன்றைய மீதிப் பொழுது முழுக்க லேத்தோடு போயிற்று. கியர்களை மாட்டினாள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் இன்னொரு சக்கரத்தை வைத்தாள். நடுவில் இருப்பது கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கும், கணக்கில் வராது. உளியின் கோணத்தைக் கணவன் சொன்னான், அவள் கிரைண்டரில் பிடித்தாள். அவன் வேண்டாம் என்றான், மறுபடி பிடித்தாள். முதலில் தடியின் மேல் உளி பட்டும் படாமல் ஒரு கீறல் மட்டும் ஓட்டினார்கள். கணக்குத் தப்பென்றால் இங்கேயே தெரிந்துவிடும், இரும்பு வீணாகாது. லேத் நின்றதும் அவள் ஒரு கீறலில் பூஜ்யம் நிற்கிற மாதிரி இரும்பு ஸ்கேலை வைத்தாள். ஒரு மரைக்கு ஏழில் முப்பத்துமூன்று மில்லிமீட்டர் என்றால், ஏழு மரைக்கு முப்பத்துமூன்று வர வேண்டும்.

அடுத்த கீறலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். ஏழாவது கீறல் முப்பத்துமூன்றாவது கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

கணவன் நம்பாமல் ஸ்கேலை வாங்கி இடது கையால் தானே வைத்துப் பார்த்தான். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தான். “வந்திருச்சு” என்றான். “வந்திருச்சுடி.”

பிறகு வெட்டுவதுதான் பாக்கி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உளியை வெளியே இழுத்து, மோட்டாரைப் பின்னால் சுற்றவிட்டு, மறுபடி முதலிலிருந்து. கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெய் விட்டு விட்டு. அவசரப்பட்டால் மரை கிழியும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் அவசரப்படவில்லை. கடைசி ஓட்டம் முடிந்து சலவைக்கடையின் சக்கரத்தை அதன்மேல் வைத்துத் திருப்பியபோது, வெண்ணெய் மாதிரி சுற்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் போய் மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் டிரம் ஒரு முனகல் முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. சலவைக்கடை அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வேலையெல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில், பேச்சோடு பேச்சாக அவர் ஒன்று சொன்னார்.

“பள்ளிக்கூடத்துல மணி அடிக்கறது உங்க வீட்டு அம்மாதானே? பாவம். நேத்து சாப்பாட்டு மணியை ரொம்பச் சீக்கிரம் அடிச்சுட்டாங்களாம். பசங்க எல்லாம் ஓன்னு வெளிய வந்துடுச்சு. எங்க பொண்ணுக்கு ஒரே குஷி. ஹெட்மாஸ்டர் அந்த அம்மாவை மைதானத்துல எல்லார் முன்னாலயும் நிக்க வச்சுக் காய்ச்சி எடுத்துட்டாராம். ஏன் அடிச்சேன்னு கேட்டதுக்கு வாயே திறக்கலையாம்.”

நாத்தனார் மணி விஷயத்தில் எமகாதகர். காய்ச்சலில் கிடந்த நாளில்கூடக் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து போனவர். அவர் கை ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனதாக யாரும் சொன்னதில்லை, அதுதான் அவருக்கு இருந்த ஒரே கர்வம். வகுப்பு முடியும்வரை பொறுத்திருந்தால் அந்த எண் ஓடியா போயிருக்கும்? ஆனால் அவருக்குப் பொறுக்கவில்லை. தம்பி பெண்டாட்டியின் லேத் போகப் போகிறது என்று பள்ளிக்கூடத்தையே முன்கூட்டிச் சாப்பிட அனுப்பிவிட்டு ஓடி வந்திருக்கிறார். நேற்று சாயங்காலம் வீடு திரும்பியவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கணக்கு சரியாக வந்ததா என்றுதான் கேட்டார்.

சனிக்கிழமை லாரி வந்து வாசலில் நின்றது. பழைய இயந்திரம் வாங்குகிறவர் கயிறும் உருளையுமாக ஆட்களை இறக்கினார். “ஏத்திடலாமாண்ணே?” என்று கணவனிடம் கேட்டார்.

கணவன் ஸ்டூலைவிட்டு எழவில்லை. “என்னை ஏன் கேக்கறீங்க? ஓட்டறவங்களைக் கேளுங்க.”

அவர் குழம்பிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார். பட்டறையில் ஓட்டுகிறவர் என்று யாரும் அவர் கண்ணுக்குப் படவில்லை. புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு நின்ற பெண்ணைத் தாண்டிப் பார்த்தார், பிறகு அவளையே பார்த்தார்.

“விக்கறதுக்கில்லைங்க” என்றாள் அவள். “லாரி வாடகைக்கு வேணும்னா ஏதாவது பேசிக்கலாம். லேத் இங்கதான் இருக்கும்.”

லாரி போன பிறகு அவள் அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. நாத்தனார் அலமாரிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த வீட்டில், அந்தத் தெருவிலேயேகூட, சொந்தத்துக்குள் யாரும் யாருக்கும் சொல்லாத வார்த்தை ஒன்று உண்டு. அது கல்யாணப் பத்திரிகையின் அடியிலும் மைக் பிடித்தவர்கள் வாயிலும் வருவது. அவளுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

“அண்ணி. நன்றி.”

நாத்தனார் திரும்பிப் பார்த்தார். “என்னது?”

“நன்றின்னு சொன்னேன். மணி விஷயம் தெரியும். சலவைக்கடை அம்மா சொல்லிட்டாங்க.”

“போடி. அதெல்லாம் வெளியாளுக்குச் சொல்றது. வீட்டு மனுஷிக்கு யாராவது சொல்லுவாங்களா?”

“வெளியாளாத்தானே அண்ணி வச்சிருந்தேன், இத்தனை நாளா. அதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

நாத்தனார் கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். இரண்டு தட்டை எடுத்து, தனக்கு ஒன்றும் அவளுக்கு ஒன்றுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“உக்காரு” என்றார். “சேர்ந்தே சாப்பிடலாம்.”

இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும், அவர்கள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.